கூகையும் ஈ. கோலையும்: ஒரே வரையறை இரண்டுக்கும் செல்லுமா?

கேள்வி (தக்கலை, உயிரியல் ஆசிரியை):
எங்கள் ஏலாவில் (வயல்வெளியில்) எலி பிடிக்க வரும் கூகை என்ற ஆந்தையையும், குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியத்தையும் தனித்தனிச் சிற்றினங்கள் என்றே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். தங்களுக்குள் இணைந்து வளமான சந்ததியைத் தருபவை ஒரே சிற்றினம் என்று 1942-இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் தந்த வரையறை கூகைக்குப் பொருந்துகிறது. இணைசேராமல் இரண்டாகப் பிளந்தே பெருகும் ஈ. கோலைக்கு அதை எப்படிப் பொருத்துவது?

பதில் (நாகர்கோவில், நுண்ணுயிரியல் ஆய்வு மாணவர்):
பொருத்த முடியாது, டீச்சர். இரு பாக்டீரியங்களின் ஜீனோம்களில் (முழு டி.என்.ஏ. தொகுப்புகளில்) பொதுவாக உள்ள பகுதிகள் சராசரியாக ஏறத்தாழ 95 விழுக்காடு ஒத்திருந்தால் அவற்றை ஒரே சிற்றினமாகக் கொள்கிறார்கள். அதே அளவுகோலை நம்மீது வைத்தால் மனிதனும் சிம்பன்சியும் ஒரே சிற்றினமாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வகங்களில் வளர்க்கும் கே-12 என்ற தீங்கற்ற ஈ. கோலை வகையில் சுமார் 46 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) இருக்கின்றன. இரத்தக் கழிச்சலையும் சிலருக்குச் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும் ஓ157:எச்7 வகையிலோ சுமார் 55 லட்சம். கே-12இல் இல்லாத மரபணுக்களே ஆயிரத்துக்கு மேல் அதில் உள்ளன. அதன் நச்சுக்கான மரபணுவைக் கொண்டுவந்தது பாக்டீரியத்தைத் தாக்கும் ஒரு வைரஸ். கூகை தன் மரபணுக்களைத் தாய் தந்தையிடமிருந்து பெறுகிறது. பாக்டீரியம் அக்கம்பக்கத்திலிருந்தும் வாங்கிக்கொள்கிறது.

பதில் (தேரூர், பறவை நோக்குபவர்):
பறவைப் பக்கத்திலும் எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். வெண்கூகை என்றும் சொல்லப்படும் இந்தக் கூகைகளை உலகெங்கும் டைட்டோ ஆல்பா என்ற ஒரே சிற்றினமாகப் பழைய நூல்கள் வைத்தன. இன்று பல பட்டியல்கள் அமெரிக்கக் கூகையைத் தனியாகவும், இந்தியாவில் உள்ளதை டைட்டோ ஜவானிகா என்றும் பிரிக்கின்றன. கடல் கடந்து வாழும் இரண்டு கூட்டங்கள் இயற்கையில் சந்திப்பதே இல்லை என்னும்போது, இணையுமா என்று மேயரின் வரையறையைக் கொண்டு சோதிக்க வழியில்லை.

அளவு வேறுபட்டாலே வேறு சிற்றினம் என்றும் ஆகாது. கூகையின் கூட்டுக்குள் பார்த்தால் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று பெரியதும் சிறியதுமாக நிற்கும். முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பொரிவதால் வரும் வேறுபாடு அது, வளர்ந்தபின் மறைந்துவிடும். அபசகுனம் என்று கூகையைக் கல்லெறிந்து விரட்டுவோர் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அது உழவனுக்கு எவ்வளவு எலியைத் தீர்க்கிறது என்பதையும் அந்தப் பாடத்திலேயே சேருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஈ. கோலைக்கு மிக நெருங்கிய ஷிகெல்லா என்ற பாக்டீரியத்துக்குத் தனிப்பெயர் ஏன்?

பதில் (நாகர்கோவில்):
ஜீனோமைப் பார்த்தால் ஷிகெல்லா ஈ. கோலைக்குள்ளேயே அடங்குகிறது. சீதபேதியை உண்டாக்கும் கிருமி என்று மருத்துவர்களிடையே நிலைத்துவிட்ட பெயரை மாற்றினால் நோயறிதலில் குழப்பம் வரும் என்பதால்தான் அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள்.