மறு: லேன்யார்டு – கழுத்துப்பட்டியா, காப்புக்கயிறா, தும்பா?

வணக்கம்.

ஸ்கூபா (காற்றுக்கலன் சுமந்து கடலில் மூழ்குவது) கையேட்டில் வரும் லேன்யார்டு, அதாவது கேமரா போன்ற கருவிகளை உடம்போடு பிணைத்து வைக்கும் கயிறு, அதற்குக் 'கழுத்துப்பட்டி' என்று போட்டு முடித்துவிடலாம் என்று இந்தக் குழுவில் வந்த யோசனையை நான் ஏற்கவில்லை. அலுவலக அடையாள அட்டைக்கு அது சரி. ஸ்கூபா கையேட்டில் அந்தச் சொல்லைப் படிக்கிற புது ஆள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார். கழுத்துப் பக்கம் ஏற்கெனவே மூச்சுக்கருவியின் குழாயும் முகமூடிப் பட்டையும் கிடக்கின்றன, அங்கே இன்னொரு கயிறு சிக்கினால் அவசரத்துக்கு மாற்று மூச்சுக்கருவியைத் தேடுகிற கை அதில்தான் போய் மாட்டும். இந்தக் கயிறு கட்டப்படும் இடம் வேறு, மிதப்புச் சட்டையின் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்ய மூழ்குகிறவர் போடும் சட்டை) நெஞ்சுப் பக்கம் இருக்கும் உலோக வளையம்.

எதற்காகக் கட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். படகிலிருந்து ஓரெட்டு எடுத்து வைத்துக் குதிக்கும்போது ஒரு கை முகமூடியையும் மூச்சுக்கருவியையும் அழுத்திப் பிடித்திருக்கும், மறு கை இடுப்பு எடைவாரில் இருக்கும். கேமராவைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. அதனால் படகில் இருப்பவர் அதைப் பிறகு கீழே நீட்டுவார், வாங்கியவுடன் கொக்கியை மாட்டிவிட வேண்டும். கீழே போனபின் கூட வருபவருக்குக் காற்று தீர்ந்துவிட்டால் இரண்டு கையும் அவருக்குத்தான் வேண்டும். அந்த நேரம் கேமராவைக் கைவிட்டால் அது பக்கத்திலேயே நிற்க வேண்டும். கட்டாமல் விட்டால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். கோப்ரோ மாதிரி மிதக்காத கேமரா கீழே போகும், அதைத் துரத்துகிறவர் தன் ஆழ வரம்பைத் தாண்டிவிடுவார். கேமராவைத் தண்ணீர் புகாமல் வைக்கிற, காற்று நிறைந்த பெரிய பெட்டி சில சமயம் மேலே கிளம்பும், அது இன்னும் மோசம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே என்று பல பயிற்சி அமைப்புகள் சொல்வது நுரையீரலுக்காகவும் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்காகவும்தான். கேமராவின் வேகத்துக்கு மனிதர் ஏறவே கூடாது.

ஆக இந்தக் கயிறு தாங்கவும் வேண்டும், நாம் நினைத்த நேரத்தில் விட்டுவிடவும் வேண்டும். அதனால்தான் நல்ல சுருள்கயிற்றின் நடுவில் இருபுறமும் அழுத்தினால் கழன்றுவிடும் பூட்டு வைத்திருக்கிறார்கள். கேமரா மீன்வலையில் சிக்கினால் அதை விட்டுவிட்டு நாம் போய்விடலாம்.

இங்கேதான் 'காப்புக்கயிறு' எனக்கு உறுத்துகிறது. ஒலி அழகு, பாதுகாப்பு என்ற பொருளும் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரில் காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை அவிழ்க்கக் கூடாது என்பதுதான் வழக்கம். அவிழ்க்க வேண்டிய கயிற்றுக்கு அவிழ்க்கக் கூடாத கயிற்றின் பெயரா? 'தளை'யும் அதே காரணத்தால் வேண்டாம், அது விலங்கு.

என் பரிந்துரை 'தும்பு'. மாடு கன்று கட்டுகிற கயிறு. இழுத்தால் தாங்கும், ஆள் நினைத்தால் நொடியில் அவிழும், கட்டிய பொருள் ஓரளவு நகரவும் இடம் கொடுக்கும். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்கிறோமே, கேமராவைத் துரத்திக்கொண்டு ஆழத்துக்குப் போகிற ஆளுக்கு அதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்ல முடியும்! இலங்கையில் தும்பு என்றால் தேங்காய் நார், தும்புத்தடி என்றால் விளக்குமாறு என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான தடை. தனியாக விடாமல் 'கருவித்தும்பு' என்று சேர்த்து எழுதினால் குழப்பம் பெரும்பாலும் போய்விடும், டார்ச், கத்தரி, கேமரா எல்லாவற்றுக்கும் ஒரே சொல் கிடைக்கும். மணிக்கட்டில் போடும் சின்ன வளையத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அது 'கைவார்' என்றே இருக்கட்டும்.

அப்புறம் கொக்கி. எல்லாவற்றையும் கொக்கி என்று எழுதினால் ஆபத்து. மலையேறுகிறவர்களின் காரபைனர் என்ற கொக்கியில் கதவு உள்பக்கம் மடங்கும், வழியில் கிடக்கும் தூண்டில் நரம்போ கயிறோ உரசினாலே தானாக உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளும். குகையில் மூழ்குகிறவர்கள் இதைத் தற்கொலைக் கொக்கி என்றே சொல்கிறார்கள். மூழ்குகிறவர்களுக்கு ஏற்ற போல்ட் ஸ்னாப் என்ற கொக்கியில் ஒரு சிறு தாழ் இருக்கிறது, கட்டைவிரலால் அதைப் பின்னுக்கு இழுத்தால்தான் திறக்கும், தடித்த கையுறை போட்டிருந்தாலும் இழுக்க வரும். ஆகவே இதற்குத் 'தாழ்க்கொக்கி'. கையேட்டில் இன்னொரு வரியும் சேர வேண்டும்: தாழ்க்கொக்கியைக் கேமராப் பெட்டியோடு நேராக உலோக வளையத்தால் கோக்காமல் நைலான் கயிற்றால் கட்ட வேண்டும். உப்பு ஏறித் தாழ் இறுகிவிட்டால் கத்தியால் அறுக்க ஏதாவது இருக்க வேண்டுமே.

நீளத்தைப் பற்றியும் கையேட்டில் ஒன்றுமே இல்லை. நீளமாகத் தொங்குகிற கேமரா பவளத்தில் இடித்துக்கொண்டே போகும், கிளைப் பவளம் லேசாகத் தட்டினாலே ஒடியும். படம் எடுக்காத நேரத்தில் தும்பைச் சுருக்கி நெஞ்சோடு மாட்டு என்று எழுதலாம்.

திருகோணமலைப் பக்கம் மூழ்குகிறவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால், கருவித்தும்பு என்று கேட்டால் உங்கள் காதில் இன்னும் நார்தான் விழுகிறதா என்று சொல்லுங்கள். விழுகிறது என்றால் 'கருவிநாண்' என்று மாற்ற எனக்குத் தயக்கமில்லை. கழுத்துப்பட்டி மட்டும் வேண்டாம்.