பாய்ந்து வரும் சேவலோடு பழகியவர்களின் அனுபவங்கள்

குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்த சேவல் ஏன் நம் மேலேயே பாய்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுச் சேவலும் அப்படி வளர்ந்ததுதான். தோளில் ஏறி உட்காரும், மடியில் தூங்கும். ஐந்து மாதம் முடிந்து, கொண்டை சிவந்து, கூவத் தொடங்கியதும் அதன் குணமே மாறிவிட்டது. தீவனத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினால் கெண்டைக்காலில் பொத்தென்று வந்து விழும். பின்னாலிருந்துதான் வரும், நேருக்கு நேர் நின்றால் வருவதில்லை.

பருவம் எய்தும் சேவலின் உடம்பில் ஆண் ஹார்மோன் வேகமாக ஏறுகிறது. யாரை அடக்கலாம், யாருக்கு அடங்க வேண்டும் என்று அது சோதித்துப் பார்க்கும் வயது அது. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை நார்வேயைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். தனியாகக் கையில் வளர்ந்த சேவலுக்கு மனிதர்மேல் அச்சம் இருப்பதில்லை. அதனால் நம்மையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறது என்பது என் எண்ணம்.

நான் கவனித்த வரையில், முன்னறிவிப்பு இல்லாமல் சேவல் பாய்வது அரிது. ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, குறுக்கடி வைத்து நம்மைச் சுற்றி வரும். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் முறைக்கும். இரை ஒன்றும் இல்லாத வெறும் தரையைக் கொத்தும். கடைசியாகக் கழுத்துச் சிறகு சிலிர்த்துக்கொள்ளும்; அடுத்த நொடி இரண்டு கால்களும் முன்னால் நீட்டியபடி நம்மேல் இருக்கும். இறக்கை தாழ்த்திச் சுற்றும் இதே ஆட்டத்தைப் பெட்டைகளிடமும் காட்டும், அது அணைவதற்காக. நம்மிடம் காட்டினால் அது சவால். உங்கள் சேவல்கள் எப்படி, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

* * *

நீங்கள் சொன்ன அடையாளங்கள் அத்தனையும் சரி, அம்மா. பல காலமாகச் சேவல் வளர்ப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: தயவுசெய்து உதைக்காதீர்கள். உதைத்தால் எதிரிச் சேவல் சண்டைக்கு வந்துவிட்டது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். மறுநாள் இன்னும் வெறியோடு வரும். ஓடினால் தான் வென்றதாக நினைக்கும். எலும்பு முறிந்த சேவல்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொடுமை அவற்றுக்கு நேர்ந்திருக்கவே வேண்டாம்.

இறக்கையைத் தாழ்த்தத் தொடங்கியதுமே நின்றுவிடுங்கள். கையை வீசாதீர்கள், கத்தாதீர்கள். அதன் பக்கம் திரும்பி, அது விலகும்வரை மெதுவாக முன்னேறுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் மேயப் போனால் போதும், துரத்தத் தேவையில்லை. அதன் பிறகும் பாய்ந்தால் பிடித்துத் தூக்கிவிடுவேன். இறக்கைகள் இரண்டையும் உடம்போடு அணைத்து, கால்களை ஒரு கையில் பிடித்து, இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டு என் வேலைகளைப் பார்ப்பேன். திமிறும்போது இறக்கிவிடக் கூடாது. உடம்பு தளர்ந்து அமைதியானதும் கீழே விட வேண்டும். தலைகீழாகத் தொங்கவிடுவது தவறு, மூச்சுத் திணறும்.

என்னிடம் இருந்த ஒரு செஞ்சேவல் என் மனைவியை ஒன்றும் செய்யாது, என்மேல் மட்டும் பாயும். உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் சிவப்பு வாளியோடு போகும் வேளைகளில்தான் அது வந்தது. வாளி கைமாறினால் குறியும் கைமாறியது. பச்சை வாளி வாங்கினேன், பாய்ச்சல் நின்றது. சிலருடைய சேவலுக்குக் காலணி, சிலருடையதற்குப் படபடக்கும் பாவாடை. எப்போது பாய்கிறது, கையில் என்ன இருந்தது, என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கவனித்து வாருங்கள்.

இன்னொன்று. பெட்டையைச் சேவலின் கண்ணெதிரே பிடிக்காதீர்கள். அது அலறினால் காக்க ஓடி வருவது சேவலின் இயல்பு. பேன் பார்க்க, மருந்து தடவ எல்லாம் அடைந்த பிறகு இரவில் செய்யுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, கையோடு வந்துவிடும். சேவலையும் அப்போது பிடித்துப் பார்க்கலாம்.

* * *

எங்கள் சேவலுக்கு இந்தத் தூக்கும் முறை ஒத்துவரவில்லை, ஐயா. இறக்கிவிட்டதும் திரும்பி நின்று மீண்டும் சிலிர்க்கும். நாங்கள் வேறு வழிக்குப் போனோம். தீவனமும் தண்ணீரும் வேலிக்கு வெளியிலிருந்தே வைக்கும்படி கூண்டை மாற்றினோம். முட்டை எடுக்கவும் வெளிப்பக்கம் ஒரு கதவு. உள்ளே போகவேண்டி வந்தால் ஒரு பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு போவோம். அடிப்பதற்கு அல்ல, இடையில் ஒரு தடுப்பு இருப்பதற்கு. பலகையைப் பார்த்தாலே ஒதுங்கக் கற்றுக்கொண்டது.

எங்களிடம் உண்மையான சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. பெட்டைகள் குறைவு, சேவல் இரண்டு. ஒரு சேவலுக்கு எட்டிலிருந்து பத்துப் பெட்டையாவது இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் பெட்டைகளின் முதுகில் சிறகே இல்லாமல் தோல் சிவந்து கிடந்தது. இரண்டும் நாள் முழுவதும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, அந்தக் கோபத்தை உள்ளே வருகிறவர்கள்மேல் காட்டின. ஒன்றைத் தனியாகப் பிரித்த பிறகு மற்றது வெகுவாக அடங்கியது. பிரித்தவற்றைச் சில நாள் கழித்து மறுபடி சேர்க்க நினைப்பவர்கள் கவனம்: பழைய வரிசை கலைந்திருக்கும், சண்டை முன்னைவிடக் கடுமையாக வரும்.

எது மேல் எது கீழ் என்று தெரியாதவர்கள் விடியற்காலையில் கேளுங்கள். தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தம் வரிசைப்படி பின்தொடரும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் இதை எழுதியிருக்கிறார்கள்; எங்கள் இரண்டிடமும் அப்படித்தான் இருந்தது.

* * *

என் சேவல் வயதானது, சாது. ஒருநாள் திடீரென்று கையைக் கொத்தத் தொடங்கியது. இடப்பக்கம் நின்றால் ஒன்றுமில்லை, வலப்பக்கம் போனால் மட்டும் துள்ளிப் பாயும். தூக்கிப் பார்த்தால் வலக்கண்ணின் மணியில் பால் போல ஒரு படலம். பார்வை போன பக்கம் நாம் திடீரென்று முளைத்தால் அது என்ன செய்யும், பாவம்? இப்போது அந்தப் பக்கம் போவதற்கு முன் குரல் கொடுத்துவிட்டுப் போகிறேன், கொத்துவதில்லை. அடங்கியிருந்த சேவல் திடீரென்று மாறினால் கண், கால், பேன், காயம் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள்.

* * *

சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். பெரியவர்களுக்குக் கெண்டைக்காலில் படுவது மூன்று வயதுக் குழந்தைக்கு முகத்தில் படும். எங்கள் மகளுக்குக் கண்ணுக்குக் கீழே சேவலின் காலில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முள் கிழித்தது. விரல் நகம் அளவு காயம்தான், ஆனால் ஆழம். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி உடனே மருத்துவரிடம் கொண்டுபோனோம். சேவலின் முள் மண்ணிலும் எச்சத்திலும் புரள்வது. டெட்டனஸ் ஊசி போட்ட விவரத்தை மருத்துவர் முதலில் கேட்டார்.

மூத்தவர்களுக்கும் இது விளையாட்டல்ல. ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயதுப் பெண் ஒருவரின் காலில் சேவல் கொத்தியதில், புடைத்திருந்த நாளம் கிழிந்து இரத்தப்போக்கில் இறந்துபோனதை 2019-இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. காலில் நாளப்புடைப்பு உள்ளவர்கள் தடித்த துணிக் கால்சட்டையும் உயரமான காலணியும் இல்லாமல் உள்ளே போகவே கூடாது.

நாங்கள் அந்தச் சேவலை வைத்துக்கொள்ளவில்லை. குழந்தைகள் இல்லாத, பெரிய தோட்டம் உள்ள ஒருவர், அதன் குணத்தை முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கிச் சென்றார். குணத்தை மறைத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் அறுத்துவிடுவதுதான் நேர்மை. மகளின் முகத்தை வைத்து இரண்டாவது வாய்ப்பு கொடுக்க எனக்கு மனம் வராது.

* * *

முள்ளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் உண்டு, மேலே இருப்பதுதான் நகம் போன்ற உறை. அதனால் நுனியை மட்டும் அரத்தால் ராவி மழுக்க வேண்டும். அடியோடு வெட்டினால் இரத்தம் கொட்டும், வலியும் மிகுதி. தப்பித் தவறி இரத்தம் வந்தால் சோள மாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மழுக்கினால் குணம் மாறாது, காயம் குறையும்.

ஆனால் எல்லாச் சேவலையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல சேவல் ஒன்று இருந்தால் கூட்டமே நிம்மதியாக மேயும். வானில் பருந்து தெரிந்தால் ஒரு விதமாகவும், தரையில் நாய் வந்தால் வேறு விதமாகவும் குரல் கொடுக்கும். முதல் குரலுக்குப் பெட்டைகள் புதருக்குள் பதுங்கும், இரண்டாவதற்குத் தலை தூக்கி நிற்கும். இரை கண்டால் தான் உண்ணாமல் அலகில் எடுத்துப் போட்டுப் போட்டுப் பெட்டைகளை அழைக்கும். இத்தனையும் செய்துகொண்டு மனிதரிடம் அடக்கமாக இருக்கும் சேவல்கள் நிறைய உண்டு.

குணம் ஓரளவு வழிவழியாகவும் வருகிறது. பாயும் சேவலின் முட்டையை நான் அடைவைப்பதில்லை. விடலைகளை ஒரு வயதுவரை பார்ப்பேன். தீவனம் வைக்கும்போது வழிவிட்டு ஒதுங்கி, பெட்டைகளைத் தின்னவிட்டுப் பிறகு வருவது எதுவோ, அதைத்தான் கூட்டத்தோடு விடுகிறேன்.