கலைச்சொல்: லிங்கன் போன ‘சர்க்யூட்’டுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆபிரகாம் லிங்கன் வழக்கறிஞராக இருந்த கால வரலாற்றில் ‘சர்க்யூட்’ என்ற சொல் வரும். ஒரு நீதிபதி ஊர் ஊராகச் சுற்றி வழக்கு விசாரிக்கும் எல்லைக்கும் அந்தப் பயணத்துக்கும் அதுதான் பெயர். அதற்கு ‘நடமாடும் நீதிமன்றம்’ என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் புரிகிறது, சரி. ஆனால் அதைக் கேட்டால் வேன் வண்டியில் வந்து இறங்கும் நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. லிங்கன் வாழ்ந்த இல்லினாய் மாநிலத்தில் நீதிமன்றக் கட்டடங்கள் அந்தந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நிலையாக இருந்தன. ஊர் ஊராகப் போனவர்கள் நீதிபதியும் வழக்கறிஞர்களும்.

லிங்கன் போன எட்டாவது சர்க்யூட்டில் ஒரு கட்டத்தில் 14 கவுண்டிகள். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை நீதிபதி டேவிட் டேவிஸ் கிளம்புவார். குதிரையிலும் வண்டியிலும் வழக்கறிஞர்கள் கூடவே போவார்கள். சில நாளில் வழக்குகளை முடித்துக்கொண்டு அடுத்த ஊர். விடுதியில் ஒரே மேசையில் சாப்பாடு, ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுக்கை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரே ஒரு தவணை இருந்துவிட்டு 1849இல் திரும்பிய லிங்கன், இப்படி வாரக்கணக்கில் வீட்டைவிட்டுச் சுற்றினார். அப்போது ஏற்பட்ட நட்புதான் பின்னால் கைகொடுத்தது. 1860 சிகாகோ மாநாட்டில் அவரைக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக்க முன்னின்று உழைத்தவர் அதே டேவிஸ். உடன் நின்ற லியோனார்ட் ஸ்வெட்டும் சர்க்யூட் தோழர். 1862இல் டேவிஸை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார் லிங்கன். சொல்லில் பயணம் தெரியாவிட்டால் இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று வாசகருக்குப் புரியாது.

‘வட்டம்’ நமக்குத் தாலுகா. ‘எட்டாவது சுற்று’ என்றால் வாக்கு எண்ணிக்கை என்றுதான் படிப்பார்கள். சர்க்யூட் ஹவுஸ் ‘சுற்றுலா மாளிகை’ ஆகி, உல்லாசப் பயணிகள் விடுதி போல ஒலிப்பதையும் பார்க்கிறோம்.

என் பரிந்துரை: எல்லைக்கு ‘நீதிச்சுற்று’, பயணத்துக்கு ‘நீதிவலம்’. ‘எட்டாம் நீதிச்சுற்றில் லிங்கன் ஆண்டுக்கு இருமுறை நீதிவலம் போனார்’ என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. இரண்டு சொல் எதற்கு என்றால், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இன்றும் சர்க்யூட் என்றே பெயர் தாங்குகின்றன, பயணம் நின்றுபோய் எத்தனையோ காலமாகிவிட்டது. அங்கே ‘நீதிச்சுற்று’ மட்டும் போதும்.

‘வலம்’ கோயிலை நினைவூட்டுமே என்று எனக்கும் முதலில் தயக்கம் இருந்தது. ஆனால் நகர்வலம், ஊர்வலம் எல்லாம் பேச்சில் ஊறிய சொற்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது இவ்வளவு இயல்பாக வேறு எதிலும் வரவில்லை. ‘வலநீதிபதி’ மட்டும் வேண்டாம், வலதுசாரி நீதிபதி என்று ஆகிவிடும். அவருக்குச் ‘சுற்றுநீதிபதி’ பொருந்துமா? சட்டத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.