இரட்டைக் குட்டிகளில் ஒன்று மட்டும் வளரவில்லை: நாடாப்புழுவா?

பட்டிக்காரன்:
ஒரே ஈற்றில் இரண்டு கிடாக்குட்டிகள். மூன்று மாதம் முடிந்து இன்று தராசில் தொங்கவிட்டேன்: ஒன்று 11 கிலோ, மற்றது 7. பால், தீவனம், மேய்ச்சல் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். சின்னதன் புழுக்கையில் வெந்த சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக ஒட்டி வருகிறது. வயிறு பானை, முதுகெலும்பு கையில் இடறுகிறது. தின்பதையெல்லாம் நாடாப்புழு பிடுங்கிக்கொள்கிறதா? என்ன மருந்து கொடுப்பது?

கிடைக்காரர்:
தம்பி, அந்தப் பருக்கை நாடாப்புழுவின் துண்டுதான். பெயர் மொனீசியா. புல்லடியில் வாழும் நுண்ணிய உண்ணியை மேயும்போது சேர்த்து விழுங்குவதால் தொற்றும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளில்தான் அதிகம். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. குட்டி செரித்து வைத்ததைத் தோலாலேயே உறிஞ்சும். செத்த குட்டி ஒன்றை ஒருமுறை அறுத்துப் பார்த்தேன். சிறுகுடலில் வெள்ளை ரிப்பன் திணித்ததுபோல் இருந்தது.

ஆனாலும் 4 கிலோவை அதன் தலையில் மட்டும் கட்டமாட்டேன். நாடாப்புழு கண்ணில் படுவதால் அடி வாங்குகிறது. நான்காம் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு வெளியே தெரியாது. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் இருந்தால் 50 மில்லி. 7 கிலோ குட்டியின் உடம்பில் இருப்பதே அரை லிட்டர் இரத்தம்தான்! கீழ் இமையை விலக்கிப் பாருங்கள்; உள்ளே வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. பார்த்துவிட்டு மருந்தைப் பேசலாம்.

எலிவளை:
குறுக்கே ஒரு செய்தி. நாடாப்புழு வளரவும் வைக்கும். 1960களில் அமெரிக்காவில் ஜஸ்டஸ் முல்லர் என்பவர் ஸ்பைரோமெட்ரா என்ற நாடாப்புழுவின் இளம்புழுவை எலிகளுக்குள் செலுத்தினார். எலிகள் கொழுத்துப் பெருத்தன. அந்த இளம்புழு வளர்ச்சி ஹார்மோனைப் போல வேலை செய்யும் பொருளைச் சுரக்கிறது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அகற்றிய எலிகூட வளர்ந்தது.

கிடைக்காரர்:
சந்தை வியாபாரி யார் காதிலும் இது விழாமல் இருக்கட்டும்.

பட்டிக்காரன்:
இமையைப் பார்த்தேன் அண்ணா. பெரியதற்கு இளஞ்சிவப்பு. சின்னதற்கு வெள்ளைத்தாள். தாடைக்கடியிலும் லேசான வீக்கம். பால் குடித்த கொழுப்பு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கிடைக்காரர்:
அது நீர் கோத்த வீக்கம், இரத்தம் குறைந்ததால் வந்தது. காலையில் ஈரப் புழுக்கையோடு குட்டியையும் மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள். 7 கிலோ என்று எடையைச் சொல்லி அளவு கேளுங்கள். ஓட்டி நடத்த வேண்டாம், மூச்சு வாங்கும்.