720720-க்கு ஒரு பெயர்: மிகுபகு எண்ணா, காரணிமிகு எண்ணா?

நண்பர்களே,

பள்ளி மாணவர்களுக்கான கணிதக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 720720 இருக்கும் பக்கத்தில் சிக்கி நிற்கிறேன். 1 முதல் 16 வரை எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் அது. காரணிகள் 240. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட இப்படிக் காரணிகள் அதிகமுள்ளவைதான் இராமானுஜன் 1915-இல் விரிவாக ஆராய்ந்த 'ஹைலி காம்போசிட்' வகை. 'மிகுபகு எண்' என்று போட்டுவிடலாமா?
— ந.

> மிகுபகு எண் என்று போட்டுவிடலாமா?

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரிசை 1, 2, 4, 6, 12, 24 என்று தொடங்குகிறதே! 2 பகா எண். 1 பகு எண், பகா எண் இரண்டிலும் சேராது. 'பகா எண் எப்படி சார் மிகுபகு எண் ஆகும்?' என்று முதல் பெஞ்சிலிருந்தே கேள்வி வரும். 'காரணிமிகு எண்' என்றால் இந்த வம்பு இல்லை.
— கோ.

கோ. ஐயா,
காரணி வடசொல் வழி வந்தது. 'பகு' இருக்க அது எதற்கு? பகுதி, பங்கு, பக்கம், பால், பகல் எல்லாம் அந்த வேர்தான். பகையும் அதுவே, பிரிந்தால்தானே பகை! மிகுதிக்கு சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு உரிச்சொல் சும்மா கிடக்கின்றன. 'நனிபகு எண்' என்க.
— இரா.

'பக்ஷம்' என்பதிலிருந்து பக்கம் வந்தது என்பாரும் உண்டு, அதை விடுங்கள். 'கழிபகு' என்று சொல்லாமல் விட்டீர்களே, அதுவரை சரி. பிள்ளைகள் கழித்துவிட்டு வகுத்திருப்பார்கள்.

காரணிமிகு எண்ணிலும் ஒரு சங்கடம். தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரிதானால் அது 'மிகை எண்'. 720720-க்கு அந்தத் தொகை 2529072, எனவே அதுவும் மிகை எண்தான். ஆனால் 945-ஐப் பாருங்கள்: மிகை எண், காரணிகளோ 16. அந்தப் பதினாறு 120-க்கே வந்துவிட்டது! மிகை, மிகு என்று அடுத்தடுத்த பக்கங்களில் வந்தால் குழம்பிவிடுவார்கள். முந்தைய எண்களை எல்லாம் முந்துவதுதானே இங்கே விஷயம்? 'காரணிமுந்து எண்' எப்படி?
— செ.

செ., அதைப் படித்தால் காரணிக்கு முந்தியது எது என்று தேடத் தோன்றுகிறது.
— கோ.

சரி, நாள் நெருங்கிவிட்டது. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் மிகுபகு எண் பக்கம்தான் ஆள் அதிகம். அதையே போடுகிறேன். 2 விதிவிலக்கு என்று அடியில் ஒரு வரி சேர்க்கிறேன்.
— ந.

விதிவிலக்கு என்று மட்டும் எழுதாதீர்கள். வரையறைப்படி 2 உள்ளேதான் இருக்கிறது, பெயர்தான் அதை வெளியே தள்ளுகிறது. என் வாக்கு இன்னும் காரணிமிகு எண்ணுக்கே.
— கோ.

அடுத்த பதிப்பிலாவது நனிபகு. பகல், பகை பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.
— இரா.