மெடிக்கல் ரிப்போர்ட்டில் உங்களைக் கலங்கடித்த வார்த்தை எது?

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று இருந்ததைப் படித்ததும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டது. அப்பாவோ தன் காலால் நடந்துதான் வீட்டுக்குள் வந்திருந்தார். அடுத்த முறை போனபோது டாக்டரிடம் நேராகவே கேட்டேன். இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, உடம்புக்குத் தேவையான ரத்தத்தைப் போதுமான அளவு தள்ள முடியாமல் பலவீனமாகியிருக்கிறது, அதனால்தான் கால் வீக்கமும் படுத்தால் மூச்சு வாங்குவதும், மாத்திரை ஒழுங்காக எடுத்து, உப்பைக் குறைத்து, தினமும் எடை பார்த்துக்கொண்டு பல வருடம் இருப்பவர்கள் உண்டு என்றார். துடிப்பே நின்றுபோவது 'கார்டியாக் அரெஸ்ட்'. ரத்தக்குழாய் அடைபட்டு இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போவது 'ஹார்ட் அட்டாக்'. ஒன்று இன்னொன்றில் கொண்டுபோய் விடலாம், ஆனால் மூன்றும் வேறு வேறு. விசாரிக்க வந்த சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூட இதைப் பிரித்துச் சொல்லவில்லை!

அதே காகிதத்தில் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 35% என்றும் இருந்தது. பரீட்சை மார்க் மாதிரி நூற்றுக்கு முப்பத்தைந்தா என்று அம்மா பதறினார். நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தத்தில் ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளுமாம். அதோடு ஒப்பிட்டால் 35 குறைவுதான், ஆனால் அம்மா போட்ட கணக்கு வேறு. சரி, உங்கள் வீட்டில் எந்த வார்த்தை?

*

எங்கள் வீட்டில் 'க்ரானிக் கிட்னி டிசீஸ், ஸ்டேஜ் 3'. மாமாவுக்கு. ஸ்டேஜ் 3 என்றதும் எல்லாரும் கேன்சர் கணக்கில் எடுத்துக்கொண்டு, டயாலிசிஸ் எங்கே நன்றாகச் செய்வார்கள் என்று விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். சிறுநீரகத்துக்கு ஐந்து ஸ்டேஜ், சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் எண் 30-லிருந்து 59 வரை இருந்தால் மூன்றாவது, டயாலிசிஸ் பேச்சு பெரும்பாலும் 15-க்குக் கீழே போகும்போதுதான் வரும். சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்தால் பலருக்கு அந்த இடத்துக்குப் போகாமலே இருக்கும். ஒரு நோயின் ஸ்டேஜ் எண்ணை இன்னொரு நோயின் எண்ணோடு வைத்துப் பார்க்கவே கூடாது.

அப்புறம் இந்த 'க்ரானிக்'. முற்றிப்போனது என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். நீண்ட நாளாக இருக்கிறது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது, சிறுநீரக விஷயத்தில் மூன்று மாதத்துக்கு மேல். 'அக்யூட்' என்றால் திடீரென்று வந்தது. சாதாரணத் தொண்டை வலியும் அக்யூட்டாக இருக்கும், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டிய குடல்வால் அழற்சியும் அக்யூட்தான். எவ்வளவு ஆபத்து என்பதைத் தனியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

லேபில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுன்டரிலேயே நின்று படித்துவிட்டு முகம் மாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். விளக்கம் சொல்வது என் வேலை இல்லை, அதனால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அது ஒரு தனி வேதனை. பெயர் 'ஓமா' என்று முடிந்தாலே கேன்சர் என்று பயப்படுகிறார்கள். லிப்போமா வெறும் கொழுப்புக் கட்டி. ஹெமட்டோமா கட்டியே இல்லை, ரத்தம் கட்டிக்கொண்டது. ஆனால் மெலனோமாவும் லிம்போமாவும் கேன்சர்தான். ஆகவே வாலை மட்டும் பார்த்து அழவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. 'ஐடிஸ்' அதே மாதிரி: அழற்சி என்று மட்டும் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. முழங்கால் ஆர்த்ரைடிஸுக்கு ஆன்டிபயாடிக் ஏன் எழுதவில்லை என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கிரேடும் ஸ்டேஜும். கேன்சரில் மைக்ராஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு மாறிப்போய்த் தெரிகின்றன என்பது கிரேடு, உடம்பில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். பயாப்சி ரிப்போர்ட்டில் 'கிரேடு 3' என்று இருந்தால் மூன்றாவது ஸ்டேஜ் என்று வீட்டுக்கு ஃபோன் போட்டுவிடாதீர்கள்.

*

பயமுறுத்தும் வார்த்தைகளைவிட ஆறுதல் தரும் வார்த்தைகள்தான் ஆபத்து என்பேன். என் அக்காவுக்கு ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ். ஃபைலில் 'ரெமிஷன்' என்று எழுதியதும் குணமாகிவிட்டது என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். நோய் அடங்கியிருக்கிறது என்பதுதான் அது, அந்த மாத்திரையால்தான் அடங்கியும் இருந்தது. விரல் மூட்டுகள் மறுபடி வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் சொன்னார்.

*

'இடியோபதிக்' யாருக்கும் வரவில்லையா? காரணம் தெரியவில்லை என்பதைக் கௌரவமாக எழுதும் முறை அது. பிரஷருக்கு அதே வேலையைச் செய்வது 'எசன்ஷியல் ஹைப்பர்டென்ஷன்'. இன்ன காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாத பிரஷர், பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த வகைதான். உறுப்புகளுக்கு ரத்தம் போய்ச் சேர அந்த அழுத்தம் அவசியம் என்று நினைத்த டாக்டர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது 'ப்ரைமரி' என்றும் எழுதுகிறார்கள். என் பெரியப்பா மட்டும் "எசன்ஷியல்னுதானே போட்டிருக்கான், அப்புறம் எதுக்குக் குறைக்கணும்" என்று இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.