விஷுவல் ஸ்டுடியோ டிசைனர் தானாக எழுதிய கோட் வரிகளையும் கையால் எழுதியதையும் பிரிப்பது எப்படி?

கேள்வி: டாட்நெட் 1.1 காலத்து விண்டோஸ் ஃபார்ம்ஸ் புராஜெக்ட். ஒவ்வொரு ஃபார்மிலும் (திரையிலும்) டிசைனர் எழுதும் இனிஷியலைஸ்காம்பொனென்ட் மெத்தடும் நம் லாஜிக்கும் ஒரே ஃபைலில் கிடக்கின்றன. டிசைனரில், அதாவது திரையை மவுஸால் வடிவமைக்கும் கருவியில், ஒரு பட்டனை நகர்த்தினாலே, அந்த மெத்தடுக்குள் எழுதிய ஃபார் லூப் காணாமல் போகிறது. எதையும் உடைக்காமல் பிரிக்க வழி?

பதில் 1: 2005-இல் வந்த சி ஷார்ப் 2.0-வின் பார்ஷியல் கிளாஸ் (ஒரே கிளாஸைப் பல ஃபைல்களில் பிரித்து எழுதும் வசதி) இதற்குத்தான். முதலில் அந்த லூப்பைக் கன்ஸ்ட்ரக்டரில் (ஃபார்ம் உருவாகும்போது ஓடும் மெத்தடில்), இனிஷியலைஸ்காம்பொனென்ட் அழைப்புக்கு அடுத்த வரியில் வையுங்கள். பிறகு ஃபார்மின் பெயரோடு 'டிசைனர்' சேர்த்துப் புது ஃபைல். அதே நேம்ஸ்பேஸ், அதே கிளாஸ் பெயர், இரண்டிலும் பார்ஷியல். இனிஷியலைஸ்காம்பொனென்ட், டிஸ்போஸ், காம்பொனென்ட்ஸ் ஃபீல்டு, கன்ட்ரோல் டிக்ளரேஷன்கள் அங்கே போகட்டும். ஈவென்ட்டை இணைக்கும் வரிகளும் அங்கேதான். ஹேண்ட்லர் மெத்தடுகள் மட்டும் உங்கள் ஃபைலில். புராஜெக்ட் ஃபைலில் டிபென்டன்ட்அப்பான் என்ற குறிப்பைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும்.

பதில் 2: ரெஸ்எக்ஸ் ஃபைலை (ஃபார்மின் படம், உரை போன்ற ரிசோர்ஸ்கள் இருப்பது) நகர்த்தாதீர்கள், அது மூல ஃபைலோடே இருக்கட்டும். மூல ஃபைலில் ஃபார்ம் கிளாஸ்தான் முதலாவதாக வர வேண்டும். மேலே ஒரு சின்ன ஹெல்பர் கிளாஸ் இருந்தாலும் டிசைனர் திறக்காது. ரிசோர்ஸ் பெயரும் மாறி, கம்பைல் ஆன பிறகு ஓடும்போது மிஸ்ஸிங்மேனிஃபெஸ்ட்ரிசோர்ஸ் எக்ஸெப்ஷன் (ரிசோர்ஸ் கிடைக்கவில்லை என்ற பிழை) வரும். பலரும் இடறுவது இங்கேதான்.

பதில் 3: பேஸ் ஃபார்ம் (மற்ற ஃபார்ம்கள் வாரிசாக வரும் பொது ஃபார்ம்) வைத்திருந்தால் கவனம். வாரிசு ஃபார்மை டிசைனரில் திறக்கும்போது பேஸின் கன்ஸ்ட்ரக்டர் நிஜமாகவே ஓடும். அதில் டேட்டாபேஸ் இணைப்பு இருந்தால் திரை திறக்காமல் போகலாம். டிசைனருக்குள் ஓடுகிறோமா என்று சொல்லும் டிசைன்மோட், கன்ஸ்ட்ரக்டருக்குள் எப்போதும் ஃபால்ஸ்தான், அதை நம்ப வேண்டாம். அதற்குப் பதில் லைசென்ஸ்மேனேஜரின் யூசேஜ்மோடைப் பாருங்கள். பிரிக்கும்போது ஒரு ஃபார்முக்கு ஒரு கமிட் (வெர்ஷன் கன்ட்ரோலில் ஒரு பதிவு) போதும், நகர்த்தலோடு வேறு திருத்தம் கலக்காமல்.